எஸ்.எஸ்.டி. வாங்கறதுக்கு முன்னாடி லேப்டாப்பைக் கவுத்துப் பாருங்க

காலேஜ் அட்மிஷன் மாசம் வந்துட்டா எங்க ஊருல ரெண்டு கூட்டம் அலையுமுங்க. ஒரு கூட்டம் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கிட்டு இ-சேவை மையத்துக்கு. இன்னொரு கூட்டம் பழைய லேப்டாப்பைத் துணிப்பையில போட்டுக்கிட்டு டவுன் கடைக்கு. அண்ணன் பன்னெண்டாவது படிச்சப்ப அரசாங்கம் குடுத்ததோ, மாமன் மகன் திருப்பூர்ல வேலை பாத்தப்ப வாங்கினதோ, எதுவா இருந்தாலும் இப்ப அது தங்கச்சி கைக்கு வந்திருக்கும். ஆன் பண்ணிட்டுப் போய், மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து பாத்தாலும் திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்.

கடையில என்ன சொல்றாங்க? "இது இனி ஆகாதுங்க. புதுசா எடுத்துக்கங்க, மாசத் தவணை போட்டுத் தர்றோம்." ரெண்டு மாட்டை வெச்சுப் பால் ஊத்திக்கிட்டு, காலேஜ் பீஸு, பஸ் பாஸு, ஹாஸ்டல்னு முழி பிதுங்கற குடும்பத்துக்கு இதுல இன்னொரு தவணை.

நான் ஊருக்குள்ள இந்த ஸ்க்ரூ டிரைவர் வேலையைச் சும்மா செஞ்சு குடுக்கறவன். காசு வாங்கறதில்லை. யாராவது ஒரு கட்டு கீரையோ நாலு எளநியோ குடுத்தா வேண்டாம்னு சொல்றதும் இல்லை. இத்தனை வருசத்துல கழட்டிப் பாத்ததை வெச்சுச் சொல்றேன். "ஆகாது"ன்னு ஒதுக்கற லேப்டாப்புல பாதிக்கு மேல உயிரோடதான் இருக்குது. உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டா அந்தப் புள்ளை மூணு வருசப் படிப்பையும் அதுலயே முடிச்சுரும். ஆனா எந்த எஸ்.எஸ்.டி.ங்கறதுலதான் சனங்க காசை விடறாங்க. ஒண்ணு, விளம்பரத்துல இருக்கற பெரிய நம்பரைப் பாத்து மிஷினுக்குச் சேராததை வாங்கறாங்க. இல்லைன்னா ஆன்லைன்ல யாரும் கேள்விப்படாத பேருல, இருக்கறதுலயே குறைஞ்ச விலைக்கு வாங்கறாங்க. ரெண்டாவதுதான் மோசமுங்க.

மொதல்ல, ஏன் மெதுவாகுதுன்னு பாத்துரலாம். ஹார்ட் டிஸ்க்ங்கறது பழைய கிராமபோன் தட்டு மாதிரி. லேப்டாப்புல வர்றது பெரும்பாலும் நிமிசத்துக்கு 5400 சுத்து சுத்தும், அதாவது வினாடிக்கு 90 சுத்து. தட்டு மேல ஒரு முள்ளு இங்கயும் அங்கயும் ஓடி ஒவ்வொரு துண்டாத் தேடி எடுக்கணும். ஒரே நீளமான சினிமாவைப் படிக்கச் சொன்னா வினாடிக்கு நூறு எம்பி சொச்சம் குடுத்துரும். ஆனா விண்டோஸ் ஆரம்பிக்கறப்ப ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பைல் தட்டு பூரா சிதறிக் கிடக்குது. முள்ளு வினாடிக்கு நூறு இடத்துக்குப் போறதே பெரும்பாடு. எஸ்.எஸ்.டி.யில தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. உங்க செல்போன்ல இருக்கற அதே பிளாஷ் மெமரிதான். (ஜப்பான்ல தோஷிபா கம்பெனியில வேலை பாத்த புஜியோ மசுவோகாங்கறவர் 1980கள்ல கண்டுபிடிச்சது.) எந்த மூலையில இருக்கற துண்டா இருந்தாலும் மின்சாரத்துலயே போய் எடுத்துரும். வினாடிக்கு ஆயிரக்கணக்குல எடுக்கும்.

உங்க மிஷின்ல குத்தம் ஹார்ட் டிஸ்க் மேலதானான்னு தெரிஞ்சுக்க காசு செலவில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல டிஸ்க்னு இருக்கற கட்டத்துல 100 சதவீதம்னு நிமிசக்கணக்குல நின்னுக்கிட்டு, சிபியு 10, 15னு தூங்கிக்கிட்டு இருந்தா சந்தேகமே வேண்டாம், டிஸ்க்தான். மெமரி கட்டம் 90ஐத் தாண்டி நின்னா ராம் பத்தலைன்னு அர்த்தம். அப்ப எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை, ராமும் சேத்துப் போடணும். 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல 2 ஜிபி ராமோட வந்த ஆரம்பகால செட்டுகளுக்கு இது கட்டாயம். இதைப் பாக்காம எஸ்.எஸ்.டி. போட்டுட்டு "ஒண்ணும் மாறலையே"ன்னு வந்தவங்க உண்டு.

நம்ம மாதிரி கிராமத்துக்காரங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. லேப்டாப்பை எக்ஸெல் சூப்பர்ல முன்னாடி மாட்டிக்கிட்டு இட்டேரியில குலுங்கக் குலுங்கப் போறோம். பாதிப்பேரு மூடி மட்டும் வெச்சுட்டு ஆப் பண்றதும் இல்லை. தட்டு சுத்திக்கிட்டு இருக்கறப்ப ஒரு பள்ளத்துல வண்டி இறங்குனா முள்ளு தட்டைக் கீறிடும். எஸ்.எஸ்.டி.யில அசையற பாகமே கிடையாது. அந்த ஒரு பயம் இல்லாமப் போயிரும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். கடைக்குப் போனதும் "எத்தனை ஜிபி? என்ன விலை?"ன்னு கேக்கறோம். அதுக்கு முன்னாடி, உங்க மிஷின்ல எதைச் சொருகற இடம் இருக்குதுன்னு பாக்கணும். எஸ்.எஸ்.டி.ன்னு ஒரே பேரைச் சொன்னாலும் உருவம் வேற வேற.

பழைய லேப்டாப்புல இருக்கறது 2.5 இஞ்சு. ஒரு சீட்டுக்கட்டு அகலத்துக்குத் தகரப் பெட்டி மாதிரி இருக்கும், சாட்டா இணைப்பு. உங்க ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டுனா அதே இடத்துல அதே பின்னுல இது உக்காரும். கவனிக்க வேண்டியது தடிமன் மட்டும்தான். எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர். பழைய ஹார்ட் டிஸ்க் சிலது 9.5 மில்லிமீட்டர். அந்த இடைவெளிக்குச் சில கம்பெனி பிளாஸ்டிக் சட்டம் ஒண்ணு பெட்டிக்குள்ளயே வெச்சுக் குடுக்கறாங்க. இல்லாட்டி அட்டையை வெட்டி வெச்சாப் போதும்.

2016, 2017க்குப் பின்னாடி வந்த லேப்டாப்புல பெரும்பாலும் எம்.2ன்னு ஒரு ஸ்லாட் இருக்கும். இதுக்குப் பெட்டியெல்லாம் கிடையாது, பச்சையோ கறுப்போ ஒரு பட்டை, அவ்வளவுதான். அது மேல 2280ன்னு ஒரு நம்பர் இருக்கும். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்னு அர்த்தம். இதே அகலத்துல 2242, 2230ன்னு குட்டையாவும் வருது. சில மெலிசு லேப்டாப்புல 2242க்கு மட்டும்தான் இடம் விட்டிருப்பாங்க. 2280 பட்டையை வாங்கிட்டுப் போனா நுனி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், ஸ்க்ரூ ஓட்டை இருக்கற இடமும் சேராது.

இதை விடப் பெரிய குழப்பம் ஒண்ணு இருக்குது. எம்.2ங்கறது உருவத்தோட பேரு மட்டும்தான். அந்த உருவத்துக்குள்ள சாட்டாவும் வருது, என்விஎம்இயும் வருது. ரெண்டும் வேற வேற பாசை. பட்டையோட நுனியில தங்க நிறப் பின்னுக்கு நடுவுல வெட்டு இருக்கும், பாருங்க. ஒரு வெட்டு மட்டும் இருந்தா பெரும்பாலும் என்விஎம்இ. ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா. ஆனா ஸ்லாட்டுல உக்காருதுங்கறதை வெச்சு முடிவு பண்ணீராதீங்க. சில லேப்டாப்புல ரெண்டும் வேலை செய்யும், சிலதுல ஒண்ணு மட்டும்தான். சேராததைச் சொருகினாலும் அழகா உக்காந்துக்கும். பயாஸ்ல மட்டும் பேரே காட்டாது. எங்க பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருத்தன் என்விஎம்இ பட்டையை வாங்கிட்டு வந்து, காட்டலைன்னதும் "டூப்ளிகேட் குடுத்துட்டான்"னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டான். பட்டை நல்ல பட்டைதான். அவன் லேப்டாப்புல இருந்தது சாட்டா மட்டும் ஏத்துக்கற எம்.2 ஸ்லாட். கடைக்காரர் நல்லவர், மாத்திக் குடுத்தார். ஆன்லைன்ல வாங்கி உறையைப் பிரிச்சிருந்தா அதுக்கு வழி இருந்திருக்குமான்னு தெரியாது.

உள்ள வைபை கார்டு சொருகி இருக்கறதும் ஒரு எம்.2 ஸ்லாட்டுதான். அதைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி.யைப் போட்டுரலாமான்னு கேக்காதீங்க, அதோட வெட்டு வேற. 2011, 2013 வாக்குல வந்த சில லேப்டாப்புல எம்சாட்டான்னு இன்னொரு குட்டைப் பட்டை உண்டு. அதுவும் எம்.2வும் ஒண்ணில்லை.

அதனாலதான் தலைப்புல அப்படி எழுதினேன். லேப்டாப்பைக் கவுத்து, அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல மாடல் நம்பரை அப்படியே எழுத்து விடாம எழுதிக்கங்க. அந்த நம்பரைப் போட்டுத் தயாரிச்ச கம்பெனியோட வெப்சைட்டுல தேடினா சர்வீஸ் மேனுவல்னு ஒரு பிடிஎப் கிடைக்கும். எந்த ஸ்லாட், எந்த நீளம், சாட்டாவா என்விஎம்இயா எல்லாம் அதுல இருக்கும். படிக்க இங்கிலீஷ் தடுமாறுனா காலேஜ் போற புள்ளைகிட்டயே குடுங்க. லேப்டாப் அதுக்குத்தானே. இருபது நிமிச வேலை.

வேகத்தைப் பத்திச் சொல்லணும், ஏன்னா விளம்பரம் பூரா அதுதான். 2.5 இஞ்சு சாட்டா எஸ்.எஸ்.டி. வினாடிக்கு 550 எம்பி வரைக்கும் குடுக்கும். அதுக்கு மேல சாட்டா குழாய்லயே போகாது. என்விஎம்இயில மூணாம் தலைமுறை 3,500 வரைக்கும், நாலாம் தலைமுறை 7,000 வரைக்கும் போகுது, அஞ்சாவது அதையும் தாண்டிப் போச்சு. பாத்தா 550 என்னமோ கேவலம் மாதிரி தெரியும். ஆனா கிணத்துல ஊத்து ஒன்றரை இஞ்சுதான்னா பத்து ஹெச்பி மோட்டாரை எறக்கி என்ன பண்ணப் போறோம்? டைப் அடிக்கறதுக்கும், ஆன்லைன் கிளாஸ் பாக்கறதுக்கும், கணக்கு எழுதறதுக்கும், வினாடிக்கு ஏழாயிரம் எம்பியைத் தின்னு தீர்க்கற வேலை எதுவுமே இல்லை. ஹார்ட் டிஸ்க்ல இருந்து சாட்டாவுக்கு மாறறப்ப ஊரே வந்து பாக்கற மாதிரி வித்தியாசம் தெரியும். சாட்டாவுல இருந்து என்விஎம்இக்கு மாறறப்ப, கையில ஸ்டாப் வாட்ச் வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். தினமும் வீடியோ எடிட் பண்றவங்க, பெரிய பைலா அள்ளி அள்ளிப் போடறவங்களுக்கு மட்டும் இந்தப் பேச்சு பொருந்தாது.

நாலாம் தலைமுறைப் பட்டையை மூணாம் தலைமுறை ஸ்லாட்டுல போடலாம், தப்பில்லை. மூணோட வேகத்துல ஓடும். விலை ஒண்ணா இருந்தா நாலையே எடுத்துக்கங்க, நாளைக்கு வேற மிஷினுக்கு மாத்திக்கலாம். அஞ்சாம் தலைமுறையை மட்டும் லேப்டாப்புக்குன்னு யாராவது தள்ளிவிடப் பாத்தா எந்திரிச்சு வந்துருங்க. அதுக்குத் தலையில அலுமினியக் கவசம் கட்டித்தான் ஓட்டறாங்க, அவ்வளவு சூடு. சித்திரை மாசம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில நாமளே கொதிச்சுக்கிட்டு இருக்கோம். சூடு ஏறினா எந்தப் பட்டையும் தன்னைக் காப்பாத்திக்கத் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்புறம் காசு குடுத்து வாங்கின வேகம் எங்க இருக்குது?

சரி, ஒரே அளவு, ஒரே உருவம், விலை மட்டும் ஏன் இத்தனை வித்தியாசம்? உள்ள இருக்கற சரக்குதான் காரணம். பிளாஷ் மெமரியில கோடிக்கணக்கான குட்டிக் குட்டி அறை இருக்குது, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் மின்சாரத்தைப் பிடிச்சு வெச்சு அதோட மட்டத்தை வெச்சுத்தான் எழுத்தைப் படிக்குது. டிஎல்சிங்கறதுல ஒரு அறைக்கு மூணு பிட், அதாவது எட்டு மட்டம். க்யூஎல்சியில நாலு பிட், பதினாறு மட்டம். ஒரே வள்ளத்துக்குள்ள எட்டுக் கோடு போட்டு அளக்கறதுக்கும் பதினாறு கோடு போட்டு அளக்கறதுக்கும் இருக்கற வித்தியாசம்னு வெச்சுக்கங்க. கோடு நெருங்க நெருங்க அளக்கறது மெதுவாகும், தேய்மானம் வந்தா தப்பும் சீக்கிரம் வரும். க்யூஎல்சி விலை குறைவு. ஆனா பெரிய பைலை ஒரே மூச்சுல போட்டா, ஆரம்பத்துல குதிரை மாதிரி ஓடிட்டு, பாதியில ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாப் போறதும் உண்டு. படிக்கற புள்ளைக்கு அதனால பெரிய நட்டமில்லை. கல்யாண வீடியோ எடுக்கறவருக்கு நட்டம். நான் யாருக்குச் சொன்னாலும் டிஎல்சின்னுதான் சொல்லுவேன். பெட்டி மேல போடலைன்னா கம்பெனி வெப்சைட்டுல பாருங்க. அங்கயும் போடாம மறைச்சிருந்தா எனக்குச் சந்தேகம் வந்துரும்.

டிராம்னு ஒண்ணு சொல்லுவாங்க. எது எங்க இருக்குதுன்னு எழுதி வெச்சுக்கற குறிப்பேடு மாதிரி ஒரு சிப்பு. சாட்டாவுல அது இருக்கறது நல்லது. சாம்சங் 870 ஈவோவுல இருக்குது, குரூசியல் பிஎக்ஸ்500ல இல்லை, விலையிலும் அது தெரியும். என்விஎம்இயில டிராம் இல்லாட்டியும் மிஷினோட ராம்ல கொஞ்சம் கடன் வாங்கிக்கற வசதி இருக்குது, அதனால அங்க இதுக்காக மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

"எஸ்.எஸ்.டி. எழுதி எழுதித் தேஞ்சு போயிருமாமே?"ன்னு கேக்கறாங்க. தேயும். எவ்வளவு எழுதற வரைக்கும் வாரண்டின்னு கம்பெனியே டிபிடபிள்யூன்னு ஒரு கணக்குக் குடுக்கறாங்க. மேல சொன்ன 870 ஈவோவுல 500 ஜிபிக்கு 300 டெராபைட், 5 வருச வாரண்டி. பிஎக்ஸ்500ல 480 ஜிபிக்கு 120 டெராபைட், 3 வருசம். ஒரு காலேஜ் புள்ளை தினம் 20 ஜிபி எழுதுதுன்னே வெச்சுக்கங்க, அது ரொம்ப அதிகம். 300 டெராபைட் தீர 41 வருசம் ஆகும். 120 தீர 16 வருசம். அதுக்குள்ள அந்தப் புள்ளையோட புள்ளை காலேஜ் போயிரும். தேய்மானத்தை நினைச்சு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. வாரண்டி எத்தனை வருசம்ங்கறதைப் பாருங்க, கம்பெனிக்கே தன் சரக்கு மேல எத்தனை நம்பிக்கைங்கறது அதுல தெரிஞ்சுரும்.

அளவு 500 ஜிபி பக்கம் எடுங்க. 256 இன்னைக்குப் போதும்னு தோணும். விண்டோஸும் அதோட அப்டேட்டும் தின்னது போக, செல்போன் போட்டோவைக் கொட்டினா ஒரே வருசத்துல செவப்புக் கோடு வந்துரும். எஸ்.எஸ்.டி.யைப் பொட்டி நிறைய அடைச்சு வெச்சா மெதுவாகும், அஞ்சுல ஒரு பங்காவது காலியா விட்டு வைக்கணும். 512 ஜிபி வாங்கினா கம்ப்யூட்டர்ல 476ன்னு காட்டும். ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்ணறாங்க, விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது.

ஆனா நெஜமாவே ஏமாத்தறவங்களும் இருக்காங்க. ஆன்லைன்ல பேரு தெரியாத எஸ்.எஸ்.டி., நல்ல கம்பெனியில 500 ஜிபிக்கு ஆகற விலையை விடக் கம்மியில 2 டிபின்னு போட்டிருப்பாங்க. சொருகினா 2 டிபின்னுதான் காட்டும். உள்ள பிரிச்சுப் பாத்தா செல்போன்ல போடற சின்ன மெமரி கார்டையோ பென்டிரைவ் சிப்பையோ ஒட்டி வெச்சிருப்பாங்க. அளவு மட்டும் பொய்யாக் காட்டற மாதிரி உள்ள மாத்தி எழுதியிருக்கும். மொதல் கொஞ்ச ஜிபி வரைக்கும் ஒழுங்கா எழுதும். அதுக்கப்புறம் எழுதறது, ஏற்கெனவே இருக்கறதை அழிச்சுட்டு அது மேலயே உக்காரும், இல்லைன்னா எங்கயும் உக்காராது. பைலோட பேரு இருக்கும். திறந்தா ஒண்ணும் இருக்காது.

எங்க பக்கத்து டவுன்ல போட்டோ எடுக்கற தம்பி ஒருத்தருக்கு இது நடந்துச்சு. முகூர்த்த சீசன்ல நாலு கல்யாணத்தை அப்படி ஒண்ணுல கொட்டி வெச்சுட்டு, கேமரா கார்டுகளை அழிச்சு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டார். ஆல்பம் போட உக்காந்தப்பத்தான் தெரிஞ்சது. அதுல ஒரு கல்யாணத்துல பொண்ணோட அப்பிச்சி கடைசியா நின்னு எடுத்த போட்டோ இருந்ததாம், மனுசன் ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். அந்தக் குடும்பத்துக்கு எந்தக் கம்பெனி என்ன வாரண்டி குடுக்கும்?

கருங்கல்பாளையம் சந்தையில மாடு பிடிக்கறப்ப பல்லைப் பிடிச்சுப் பாக்காம யாராவது காசை எண்ணறோமா? இதுக்கும் பல்லு பாக்கற வழி இருக்குது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாப்ட்வேர், லினக்ஸ்ல எப்3ன்னு ஒண்ணு. வாங்கினதும், எதையும் போடறதுக்கு முன்னாடி, காலியா இருக்கறப்பவே ஓட்டுங்க. கடைசி ஓரம் வரைக்கும் எழுதி, திரும்பப் படிச்சு, நெஜ அளவைச் சொல்லிரும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். அப்புறம் ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்காதீங்க. சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டுல போட்டா வாரண்டி இருக்குதான்னு காட்டும். காட்டலைன்னா அன்னைக்கே திருப்பிக் குடுத்துருங்க.

நல்ல கம்பெனி எஸ்.எஸ்.டி.யா இருந்தாலும் ஒரு குணம் உண்டு. ஹார்ட் டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி டக் டக்னு சத்தம் போடும், இழுக்கும், நமக்கு ரெண்டு நாள் அவகாசம் குடுக்கும். எஸ்.எஸ்.டி. பல சமயம் சத்தமே இல்லாமப் போயிரும். ராத்திரி வேலை செஞ்சது காலையில பயாஸ்லயே இருக்காது. உள்ள இருந்ததை மீட்கறதும் கஷ்டம், செலவும் அதிகம். வாரண்டியில புது எஸ்.எஸ்.டி. வரும், அதுல உங்க பொருள் எதுவும் வராது. பட்டா, சிட்டா, பத்திர ஸ்கேன், பேங்க் கடன் காகிதம், பசங்க சர்டிபிகேட், இதெல்லாம் ஒரே இடத்துல இருக்கக் கூடாதுங்க. கழட்டின பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க. யுஎஸ்பி உறை ஒண்ணு சல்லிசா கிடைக்குது, அதுல போட்டு, மாசம் ஒருக்கா எல்லாத்தையும் நகல் எடுத்து பீரோவுல வைங்க. அது மெதுவா இருந்தா என்ன, பீரோவுல இருக்கறதுக்கு வேகம் எதுக்கு? இந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி. எஸ்.எஸ்.டி.யைக் கரண்டு குடுக்காம வருசக்கணக்குல, அதுவும் சூட்டுல, சும்மா போட்டு வெச்சா உள்ள பிடிச்சு வெச்ச மின்சாரம் கசிய ஆரம்பிக்கும்.

கரண்டுன்னதும் ஞாபகம் வருது. டெஸ்க்டாப் வெச்சிருக்கறவங்க, மும்முனை மாத்தறப்ப விளக்கு விட்டு விட்டு எரியற ஊரா இருந்தா, எஸ்.எஸ்.டி. வாங்கற காசோட சின்ன யுபிஎஸ் ஒண்ணையும் சேத்துக்கங்க. எழுதிக்கிட்டு இருக்கறப்ப கரண்டு போறது அதுக்கு ஆகாது. லேப்டாப்புல பேட்டரி நல்லா இருந்தா இந்தக் கவலை இல்லை.

டெஸ்க்டாப்புக்கு மத்தபடி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. இடம் தாராளமா இருக்கும், 2.5 இஞ்சு சாட்டாவை வாங்கி எங்கயாவது முடுக்கிவிடலாம், ஆடாம இருந்தாச் சரி. நம்ம பக்கம் நிறைய ஓடற ஹெச்61 மதர்போர்டுல சாட்டா பழைய ரகம், பாதி வேகம்தான் போகும். போனாப் போகுது, அப்பவும் ஹார்ட் டிஸ்க்கோட ஒப்பிட்டா மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அந்தக் காலத்து போர்டுல அடாப்டர் கார்டு போட்டு என்விஎம்இ சொருகித் தர்றேன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. அதுல இருந்து விண்டோஸ் ஆரம்பிக்கறதுக்கு அந்த பயாஸுக்குத் தெரியாது.

எல்லா மிஷினுக்கும் எஸ்.எஸ்.டி. போடுங்கன்னும் நான் சொல்லலை. கீல் உடைஞ்சு, பேட்டரி உப்பி, கீபோர்டுல பாதி எழுத்து வேலை செய்யாததுக்குச் செலவு பண்றது வறண்ட போர்வெல்லுக்குப் புது பைப் எறக்கற மாதிரி. அப்புறம் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திருச்சு. விண்டோஸ் 11க்கு இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல கேக்குது. அதை விடப் பழசுல எஸ்.எஸ்.டி. போடறப்பவே லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுத்துடறேன். ஒரு வாரம் முனகுவாங்க, அப்புறம் பழகிருவாங்க. ஆனா காலேஜ்ல விண்டோஸ்ல மட்டும் ஓடற சாப்ட்வேர் கேப்பாங்கன்னா, இன்ஜினியரிங் புள்ளைகளுக்கு அப்படி வரும், டிபார்ட்மென்டுல விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க. அந்த எடத்துல புதுசு வாங்கறதுதான் நியாயம்னா நானே வாங்குங்கன்னுதான் சொல்லுவேன்.

விலை நான் எழுதலை. ஏஐக்குன்னு பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டறவங்க மெமரி சிப்பையெல்லாம் மொத்தமா அள்ளிக்கிட்டுப் போறதால 2025 கடைசியில இருந்து ராமும் எஸ்.எஸ்.டி.யும் தக்காளி மாதிரி ஏறிக்கிட்டு இருக்குது. இன்னைக்கு எழுதுனா அடுத்த வாரம் பொய்யாயிரும். ரெண்டு கடையில கேட்டு, ஆன்லைன்லயும் பாத்துக்கங்க. விலை ஏறுனதாலேயே பழசு, யூஸ்டு எஸ்.எஸ்.டி.யும் சந்தைக்கு வர ஆரம்பிச்சிருக்குது. வாங்கறதா இருந்தா கிரிஸ்டல் டிஸ்க் இன்போன்னு இலவச சாப்ட்வேரை அங்கயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. எத்தனை மணி நேரம் ஓடியிருக்குது, எத்தனை எழுதியிருக்குது, இன்னும் எத்தனை சதவீதம் பாக்கின்னு பெரும்பாலும் காட்டும். ஓட்ட விடமாட்டேன்னா வாங்காதீங்க.

மாட்டறப்ப சார்ஜரைப் புடுங்கிட்டு, பேட்டரி கழட்ட வர்றதா இருந்தா அதையும் கழட்டிருங்க. உள்ளயே வெச்சு அடைச்ச பேட்டரின்னா அதோட ஒயரை மதர்போர்டுல இருந்து எடுத்துரணும். எம்.2 பட்டையை 30 டிகிரி சாய்ச்சு உள்ள விட்டு, அப்புறம் அமுக்கிப் பிடிச்சு ஸ்க்ரூ போடணும். அந்த ஸ்க்ரூ நெல்லு மணி அளவுதான் இருக்கும். பல லேப்டாப்புல அது வர்றதே இல்லை, பட்டையோடயும் தர மாட்டாங்க. கடையில இருக்கறப்பவே கேட்டு வாங்கிக்கங்க. இங்க வந்து கேட்டா எங்கிட்டயும் ரெண்டுதான் மிச்சம் இருக்குது.